சின்ன காஸ் டர்பைன் கொம்பஸ்டர்ல நெருப்புப் பிடிக்க வைக்கிறது எப்பிடி: திருகோணமலைல செய்து பாக்கிறவைக்கு

சின்ன ஜெட் எஞ்சின் செய்வம் எண்டு வெளிக்கிடுற பெடியள் பெட்டையள் கனபேர் முதல்ல கேக்கிறது எந்த ஸ்பார்க் பிளக் போடுறது, எத்தினை வோல்ட் குடுக்கிறது எண்டுதான், கெம்பஸ் புரொஜெக்ட் செய்யிற பிள்ளையளும் அதைத்தான் கேக்கினம். நான் எல்லாருக்கும் சொல்லுறது ஒண்டுதான். கொம்பஸ்டர், அதான் எஞ்சினுக்குள்ள எரிபொருள் எரியிற அறை, பத்தேல்ல எண்டா ஸ்பார்க்கைப் பெரிசாக்கிறதைக் கடைசியா யோசியுங்கோ. ஸ்பார்க் நிக்கிற அந்த இடத்தில எரியக்கூடிய ஆவி இருக்கா, அங்க காத்து எவ்வளவு வேகமாப் போகுது, எண்ணெய்த் துளி எவ்வளவு பெரிசு, இந்த மூண்டையும் முதல்ல பாருங்கோ. பிறகு இன்னொண்டு, நெருப்புப் பத்துறது வேற, பத்தின நெருப்பு நூராம நிண்டு எரியிறது வேற. நிண்டு எரியிற எல்லை அகலமானது, பத்துற எல்லை அதுக்குள்ள ஒடுங்கின ஒரு துண்டுதான். அந்தத் துண்டை உங்கட கொம்பஸ்டருக்கு எங்க எண்டு கண்டுபிடிக்கிறதுதான் இந்த முழு வேலையும்.

முழு எஞ்சின்ல இதைச் செய்து பழக வேண்டாம். சுத்துற சக்கரம் இல்லாத, ஒரே ஒரு குழாய்க் கொம்பஸ்டரும் ஒரு ப்ளோவரும் மட்டும் உள்ள டெஸ்ட் ரிக் ஒண்டு செய்யுங்கோ. கீழ சொல்லுறது எல்லாம் அதுக்குத்தான், எஞ்சினுக்கு எப்பிடிக் கொண்டுபோறது எண்டு கடைசில சொல்லுறன்.

ஏன் லேசில பத்தாது

மண்ணெண்ணெய் சரியா எரிய நிறைப்படி ஒரு பங்கு எண்ணெய்க்கு கிட்டத்தட்ட 15 பங்கு காத்து வேணும். ஆனா டர்பைனுக்குள்ள மொத்தமாப் போற காத்து அதைப் போல நாலஞ்சு மடங்கு, ஏனெண்டா எரிஞ்ச காத்து 2000 பாகைக்குக் கிட்ட வரும், அதை அப்பிடியே டர்பைன் தகட்டில விட்டா தகடு போயிடும், ஆத்தித்தான் அனுப்பவேணும். மொத்தக் காத்தையும் எண்ணெயையும் ஒண்டாக் கலந்தா எண்ணெய் காணாது, பத்தவே பத்தாது. அதுக்குத்தான் கொம்பஸ்டருக்குள்ள ஓட்டை போட்ட உள் குழாய் ஒண்டு, அதான் லைனர், வைக்கிறது. முன்பகுதிக்கு, அதான் பிரைமரி சோனுக்கு, காத்தில ஏறத்தாழ ஐஞ்சில ஒரு பங்கை மட்டும் விட்டு மிச்சத்தைப் பின்னுக்கு விடுறம்.

அடுத்த பிரச்சினை வேகம். அசையாத காத்தில நெருப்பு நகருறது செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் அளவிலதான், புரொப்பேனும் மண்ணெண்ணெய் ஆவியும் இதில பெரிய வித்தியாசம் இல்ல. கலக்கம் கூடினா செக்கனுக்கு ஒரு சில மீற்றர் வரும். ஆனா லைனர் ஓட்டைக்குள்ளால வாற காத்து செக்கனுக்கு பத்து இருபது மீற்றர் வேகத்தில அடிக்குது. நெருப்பு எதிர்த்து நிக்கேலாது. காத்து சுழண்டு திரும்பி முன்னுக்கு வாற இடம் ஒண்டு இருந்தாத்தான் சூடான வாயு அங்க நிண்டு புதுசா வாற கலவையைப் பத்த வைச்சுக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி இல்லாத கொம்பஸ்டருக்கு என்ன ஸ்பார்க் குடுத்தும் வேலையில்ல.

இனி ஸ்பார்க். நல்லாக் கலந்த புரொப்பேனையும் காத்தையும் பத்த வைக்க கால் மில்லிஜூல் சக்தி காணும். ஹைட்ரஜனுக்கு அதிலயும் பத்தில ஒண்டுக்குக் கிட்ட. மண்ணெண்ணெய்த் துளிக்கு பல மடங்கு கூட வேணும், ஏனெண்டா ஸ்பார்க் குடுக்கிற சூடு முதல்ல துளியை ஆவியாக்கவேணும், பிறகுதான் ஆவி எரியும். துளி ஆவியாக எடுக்கிற நேரம் விட்டத்தின்ர வர்க்கத்தோட போகும், துளியைப் பாதியாக்கினா நேரம் காலாகும். ஸ்பார்க்கைப் பத்து மடங்கு கூட்டுறதை விட துளியைப் பாதியாக்கிறது மலிவு எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் இதுதான்.

பெரிய எஞ்சின் ஆராய்ச்சியில, இங்கிலாந்தில க்ரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில இருந்த ஆர்தர் லெஃபேவ்ர் போன்றவை, பத்துறதை மூண்டு கட்டமாப் பாக்கினம். ஸ்பார்க் சின்ன நெருப்புக் கரு ஒண்டை உண்டாக்கிறது முதலாவது, அந்தக் கரு வளந்து பிரைமரி சோனை நிரப்புறது ரெண்டாவது, அங்கயிருந்து பக்கத்து பேர்னர்களுக்குத் தாவி வட்டம் முழுக்கப் பத்துறது மூண்டாவது. உங்கட கொம்பஸ்டர் பத்தேல்ல எண்டா இந்த மூண்டில எதில நிண்டுபோச்சு எண்டு கேளுங்கோ, மருந்து ஒவ்வொண்டுக்கும் வேற வேற.

ஜெட் எஞ்சினை முதல் செய்தவைக்கே எரிக்கிறதுதான் பெரிய தலையிடியா இருந்தது. ஜேர்மனில வொன் ஓஹைன் 1937ல ஓட்டின முதல் டெஸ்ட் எஞ்சினுக்கு ஹைட்ரஜன்தான் குடுத்தவர், லேசாப் பத்துற வாயுவால மற்றப் பகுதியளைச் சோதிச்சுப்போட்டு திரவ எரிபொருளுக்குப் பிறகு போனவர். நாங்களும் அதே ஒழுங்கிலதான் போகப்போறம், முதல்ல காஸ், பிறகு மண்ணெண்ணெய். ஆனா ஹைட்ரஜன் வேண்டாம், வீட்டு காஸ் காணும்.

இடமும் நேரமும்

இதை வீட்டுக்குள்ள, கராஜுக்குள்ள செய்யவே கூடாது. சமையல் காஸ் காத்தை விடப் பாரம், தரையில தேங்கும், ஆருக்கும் தெரியாம மூலையில கிடக்கும். நாலு பக்கமும் திறந்த வெளி வேணும். சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் இருக்கிற பக்கம், டொக்யார்ட் பக்கம், எயார்போர்ஸ் முகாம் பக்கம் இந்த யோசனையே வேண்டாம். தம்பலகாமம் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்வெளி மாதிரி இடம் நல்லம், ஆனா காஞ்ச வைக்கோல் இல்லாம சுத்தி நல்லாக் கூட்டிப்போட்டு. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிப்போடுங்கோ, எங்கட ஊர்ல திடீரெண்டு ஜெட் சத்தமும் நெருப்பும் வந்தா அயலுக்கு எப்பிடிப் பதறும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

காலமை வெள்ளன செய்யுங்கோ. கச்சான் காத்து காலத்தில பத்து மணி தாண்டினா காத்து ஒருபக்கமா இழுத்து அடிக்கும், எக்ஸோஸ்ட் வாய்க்குள்ள காத்துப் போனா நெருப்பு பின்னுக்குத் திரும்பி ப்ளோவர் பக்கம் வரப் பாக்கும். காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கம் ப்ளோவரின்ர வாய் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய்ப் போத்தல் நிழல்ல இருக்கவேணும். இதை அழுத்திச் சொல்லுறன். ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு ஃபிளாஷ் பொயின்ட் (ஆவி பொறிக்குப் பத்தத் தொடங்குற சூடு) குறைஞ்சது 38 பாகை, எங்கட மண்ணெண்ணெயும் அந்தக் குடும்பம்தான். குளிர் நாட்டில இருந்து எழுதுறவை மண்ணெண்ணெய் பாதுகாப்பானது எண்டு சொல்லுறது அங்க சரி. இஞ்ச வைகாசி ஆனில நிழல்லயே 34, 35 பாகை, வெயில்ல வைச்ச கறுப்புக் கான் ஒண்டு அந்த 38ஐ லேசாத் தாண்டும், தாண்டினா மூடியடில இருக்கிற ஆவி ஒரு பொறியிலயே பத்தும். பெற்றோலுக்குக் குடுக்கிற மரியாதையைக் குடுங்கோ.

பவுடர் எக்ஸ்ரிங்குயிஷர், ஈரச் சாக்கு, மண் வாளி பக்கத்தில. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, நைலோன் உடுப்பு வேண்டாம், பருத்தி. காஸ் வால்வில எப்பவும் ஒருத்தர் கை வைச்சபடி, அவருக்கு வேற வேலை குடுக்காதேங்கோ. ஒருத்தர் தனியச் செய்யிற வேலை இல்ல இது.

ரிக் செய்யிறது

வெளிக் குழாய்க்கு 4 அங்குல இரும்பு பைப். ஜி.ஐ. பைப் வேண்டாம், அதின்ர நாகப் பூச்சு சூடேறினா வாற புகை நஞ்சு. உள் லைனருக்கு 0.5 அல்லது 0.8 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் தகடு, விட்டம் 78 மி.மீ. அளவு. வள்ளம் கட்டுற இடங்கள்ல 316 தகட்டுத் துண்டு கிடைக்கும், 304உம் காணும். முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறப்பு.

ஓட்டைக் கணக்கு இப்பிடி வையுங்கோ. முன் மூண்டில ஒரு பங்கில 3 மி.மீ. ஓட்டை 30, பின்னுக்கு 6 மி.மீ. ஓட்டை 30. முன் ஓட்டையளின்ர பரப்பு மொத்தத்தில ஐஞ்சில ஒண்டு வரும், அதான் எங்களுக்கு வேண்டியது. முன் ஓட்டையளை ஒரே வளையத்தில குவிச்சுப் போட்டா காத்து நடுவில முட்டி, ஒரு பங்கு முன்னுக்குத் திரும்பிச் சுழலும். அங்கயும் இஞ்சயும் சிதறிப் போட்டா சுழற்சி பலவீனம்.

காத்தை அளக்க விலையான மீற்றர் தேவையில்ல, மேசன்மார் மட்டம் பாக்கிற லெவல் டியூப்பை யூ வடிவத்தில வளைச்சு, பாதிக்குத் தண்ணி விட்டு, ஒரு முனையை வெளிக் குழாய்க்குள்ளயும் மற்றதை வெறும் காத்திலயும் விடுங்கோ. தண்ணி உயர வித்தியாசம் 10 மி.மீ. எண்டா ஓட்டைக்குள்ளால காத்து செக்கனுக்கு 13 மீற்றர் வேகம். 40 மி.மீ. எண்டா 26 மீற்றர். உயரம் நாலு மடங்கானா வேகம் ரெண்டு மடங்கு. மேல சொன்ன ஓட்டையளுக்கு 40 மி.மீ.ல செக்கனுக்கு 19, 20 கிராம் காத்துப் போகும், 10 மி.மீ.ல அதில பாதி. இந்த ஒரு டியூப் இருந்தா உங்கட கையில உண்மையான எண் இருக்கு, ஊகம் இல்ல.

எண்ணெய்க்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 12 வோல்ட் சின்ன கியர் பம்ப். ரிக்குக்குப் போட முதல் ஒரு அளவுக் குவளைக்குள்ள ஒரு நிமிஷம் விட்டு எத்தினை மில்லிலீற்றர் எண்டு ஒவ்வொரு வேகத்துக்கும் எழுதி வையுங்கோ. காஸுக்கு 2.3 கிலோ சின்னச் சிலிண்டரை டிஜிட்டல் தராசில வைச்சு நிமிஷத்துக்கு எத்தினை கிராம் குறையுது எண்டு பாக்கலாம். வெளியேறுற வாயில சூடு அளக்கிற கே வகை தேர்மோகப்பிள் ஒண்டு, கூடுமானவரை மெல்லிசானது, தடிச்சது செக்கன் கணக்கில பிந்தித்தான் காட்டும். அந்தப் பிந்தலுக்குள்ள நீங்க பத்தேல்ல எண்டு நினைச்சு எண்ணெயைக் கூட்டிப்போடுவியள்.

லைனரின்ர அடிப்பக்கம், ஆகக் கீழான இடத்தில, ஒரு வடிகால் ஓட்டை கட்டாயம் விடுங்கோ. இங்கிலாந்தில ஃபிராங்க் விட்டில் 1937 சித்திரை 12ம் திகதி தன்ர எஞ்சினை முதல் முதலா ஓட்டேக்க, எரிபொருள் வால்வை மூடின பிறகும் எஞ்சின் வேகம் கூடிக்கொண்டே போனது. பத்த முதல் ஒழுகின எண்ணெய் கொம்பஸ்டர் அடியில தேங்கி நிண்டு, அது எரிஞ்சு முடியும் வரைக்கும் ஆராலயும் நிப்பாட்டேலாம இருந்தது. தேங்கின எண்ணெயை வால்வால கட்டுப்படுத்தேலாது. வடிகாலை மறந்து ரிக் செய்தவை திருப்பிப் போய் அதை முதல்ல போட்டுக்கொண்டு வாங்கோ.

ஸ்பார்க்கை எங்க வைக்கிறது

பழைய மோட்டச்சைக்கிள் அல்லது ஓட்டோவின்ர சி.டி.ஐ. (கொயிலுக்குக் கரண்டை அடிச்சு விடுற பெட்டி), கொயில், பிளக் காணும். ஆனா பிளக்கை அப்பிடியே பூட்டினா வேலை செய்யாமப் போக நல்ல சான்ஸ் இருக்கு. மோட்டச்சைக்கிள் பிளக்கின்ர இடைவெளி 0.7 மி.மீ. அளவு, அது அமுக்கின காத்துக்குச் செய்தது. எங்கட ரிக்குல காத்து சாதாரண அமுக்கத்தில இருக்கு, அந்த நிலைல புரொப்பேன் நெருப்பு கிட்டத்தட்ட 2 மி.மீ.க்குக் குறைஞ்ச இடுக்குக்குள்ள உயிரோட நிக்காது, ரெண்டு பக்க உலோகமும் சூட்டை உறிஞ்சிப்போடும். கண்ணுக்கு வடிவான நீல ஸ்பார்க் தெரியும், நெருப்பு வராது. இடைவெளியை 2, 2.5 மி.மீ.க்குத் திறவுங்கோ, இந்த அமுக்கத்தில கொயிலுக்கு அது பெரிய பாரம் இல்ல.

பிளக் நுனி லைனர் சுவரோட ஒட்டி இருக்கக் கூடாது. சுவரை ஒட்டி எரியாத குளிர் காத்துப் படலம் ஒண்டு ஓடும், அதுக்குள்ள ஸ்பார்க் அடிச்சு என்ன பிரயோசனம். 5 இல இருந்து 8 மி.மீ. உள்ளுக்கு நீட்டுங்கோ. முன் ஓட்டை வளையத்துக்கும் முன் மூடிக்கும் நடுவில, காத்து திரும்பிச் சுழலுற இடத்தில இருக்கட்டும். எந்த ஓட்டையின்ர காத்தும் நேராப் பிளக்கில அடிக்கக் கூடாது, எண்ணெய்த் தூவலின்ர நடுவிலயும் வேண்டாம், நனைஞ்ச பிளக் ஸ்பார்க் அடியாது. தூவலின்ர வெளி விளிம்புதான் நல்ல இடம், அங்க துளி சின்னன், ஆவியும் இருக்கு.

மொடல் எஞ்சின் ஆக்கள் பிளக்குக்குப் பதிலா குளோ பிளக் பாவிக்கினம், 1.5 இல இருந்து 2 வோல்ட், பிளாட்டினக் கம்பிச் சுருள் சிவக்கும். காஸ் பத்த வைக்க அது நல்லம், தொடர்ந்து சூடு இருக்கு, கலவை எப்ப சரியா வருதோ அப்பவே பத்தும். அதுக்கும் சுருளைக் கொஞ்சம் வெளிய இழுத்து விடவேணும், குழிக்குள்ள கிடந்தா கலவை அதைத் தொடாது.

எங்கட ஊர்ல ஒரு விசயம் கூட. கடல் காத்தின்ர உப்பு பிளக்கின்ர வெள்ளைப் பீங்கான்ல படிஞ்சு, காலமை ஈரத்தோட சேந்து கரண்டைப் பக்கவாட்டால ஒழுக விடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட வீடு உள்ளவை நல்ல தண்ணியால துடைச்சு, ஸ்பிரிட் போட்டுக் காய வைச்சுத்தான் பூட்டவேணும்.

முதல்ல காத்து மட்டும்

எரிபொருள் இல்லாம ஒரு முழு ஒத்திகை செய்யுங்கோ. ப்ளோவரைப் போட்டு, தண்ணி மட்டத்தை எழுதி, ஸ்பார்க் வெளிச்சத்தில தெரியுதா எண்டு பாத்து. எக்ஸோஸ்டுக்குள்ள நேர எட்டிப் பாக்கக் கூடாது, எப்பவும். ஒரு மோட்டச்சைக்கிள் பக்கக் கண்ணாடியைச் சரிச்சு வைச்சு அதுக்குள்ளால பாருங்கோ. போனை ட்ரைபொட்ல வைச்சு ஸ்லோ மோஷன்ல அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்தா, பிறகு நெருப்புக் கரு எந்தப் பக்கம் வளந்தது, எங்க காத்தில அள்ளுப்பட்டது எண்டு வடிவாத் தெரியும். இந்தப் படம் எனக்குத் தெரிஞ்ச எந்த மீற்றரை விடவும் கூடப் படிப்பிக்கும்.

பிறகு காஸ்

எங்கட வீட்டு காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கொதிக்கிறது பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழ, அதால குளிர் நாட்டுக்காரர் தனிப் புரொப்பேன் தேடி அலையினம். திருமலைச் சூட்டுக்கு பியூட்டேனும் நல்லா ஆவியாகும், எங்களுக்கு அது ஒரு வசதி. வீட்டு ரெகுலேற்றர் குடுக்கிற அமுக்கம் 30 மில்லிபார் அளவு, தண்ணில சொன்னா 300 மி.மீ., ரிக்குக்கு அது காணும். லைன்ல, நெருப்பு சிலிண்டர் பக்கம் திரும்பிப் போகாம மறிக்கிற ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் ஒண்டு போடுங்கோ.

ஒழுங்கு இப்பிடி. ப்ளோவர் 10 மி.மீ.ல, குறைஞ்சது அரை நிமிஷம் உள்ளுக்கு இருக்கிறதை ஊதித் தள்ள விடுங்கோ. பிறகு ஸ்பார்க். ஸ்பார்க் அடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் காஸைத் திறக்கிறது, ஒருநாளும் மாறிச் செய்யக் கூடாது. காஸ் மெல்ல மெல்லக் கூட்டுங்கோ, 10 மி.மீ.ல பிரைமரி சோனுக்குச் செக்கனுக்கு 2 கிராம் காத்துப் போகுது, அதுக்குச் சரியான காஸ் நிமிஷத்துக்கு 8 கிராமுக்குக் கிட்ட. ஐஞ்சு செக்கனுக்குள்ள பத்தேல்ல எண்டா காஸைப் பூட்டி, ஸ்பார்க்கையும் நிப்பாட்டி, திருப்பி ஊத விடுங்கோ. இன்னும் கொஞ்சம் விட்டுப் பாப்பம் எண்டு நிக்கிற அந்த நேரத்திலதான் கை முடி கருகிறது.

சத்தத்தைக் கேளுங்கோ. மெல்லிசா "புஃப்" எண்டு பிடிச்சா நல்லது. "டப்" எண்டு வெடிச்சுப் பிடிச்சா, பத்த முதலே கலவை சேந்துபோச்சு, ஸ்பார்க் பிழையான இடத்தில இருக்கு அல்லது காஸைக் கெதியாத் திறந்திட்டியள்.

பத்தின உடன ஸ்பார்க்கை நிப்பாட்டிப் பாருங்கோ. நெருப்பு நிண்டா சுழற்சி சரி. ஸ்பார்க் இருந்தா மட்டும் எரிஞ்சு, நிப்பாட்டினா நூந்து போனா பிரைமரி ஓட்டையளைத் திருத்த வேணும், ஸ்பார்க்கில ஒரு குறையும் இல்ல.

மண்ணெண்ணெய்க்கு மாறுறது

சின்ன எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெயைத் தூவுற நொசில் சரிவராததுக்குக் காரணம் இருக்கு. நொசில்ல ஓட்டம் அமுக்கத்தின்ர வர்க்கமூலத்தோட போகும், ஓட்டத்தைப் பாதியாக்க அமுக்கம் காலாகும். எண்ணெய் பேர்னர்களுக்கு வாற சின்ன நொசில் மணிக்கு அரைக் கலன், அதாவது 7 பார்ல நிமிஷத்துக்கு 31 மில்லிலீற்றர். எங்களுக்கு 10 மி.மீ. காத்துக்கு வேண்டியது 10 மில்லிலீற்றர்தான், அந்த ஓட்டத்துக்கு அமுக்கம் ஒரு பாருக்குக் கீழ இறங்கும், தூவல் குடை விரியாது, பெரிய துளியா ஒழுகும். அதால சின்ன எஞ்சின்ல வேப்பரைசர் குழாய் போடுகினம். உலகம் முழுக்க ஆக்கள் வீட்டில செய்யிற கே.ஜே.66 எஞ்சினுக்கும், 66 மி.மீ. கொம்ப்ரசர், அதான் காத்தை அமுக்கிற சக்கரம், உள்ளது, இந்தக் குச்சி வேப்பரைசர்தான்.

வேப்பரைசர் எண்டா நெருப்புக்குள்ள நிக்கிற 6, 8 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் குழாய், அதுக்குள்ள 1 மி.மீ. ஊசிக் குழாயால எண்ணெயும், சுத்தி கொஞ்சக் காத்தும் போகும், உள்ளயே ஆவியாகி முன்பக்கம் பாத்து வெளிய வரும். கரண்ட் இல்லாத காலத்தில பெற்றோல்மக்ஸ் கொளுத்தினவைக்கு இது புதுசில்ல, முதல்ல ஸ்பிரிட் விட்டு குழாயைச் சுடாக்கிப்போட்டு பிறகுதான் பம்ப் அடிக்கிறது, சுடாக முதல் அடிச்சா மண்ணெண்ணெய் பச்சையாப் பாய்ஞ்சு மஞ்சளா எரியும். இஞ்ச ஸ்பிரிட்டின்ர வேலையைக் காஸ் செய்யுது.

மண்ணெண்ணெய் கொதிக்கிறது ஒரே பாகையில இல்ல, 150 இல தொடங்கி 300க்குக் கிட்டப் போய் முடியும். குழாய்ச் சுவர் அந்த 300ஐத் தாண்டின பிறகு எண்ணெயைத் திறவுங்கோ, கண்ணால பாக்கிறவை குழாய் மங்கலாச் சிவக்கத் தொடங்கும் வரைக்கும் பொறுத்தாக் காணும், அது 500க்கு மேல. காஸ் எரிஞ்சுகொண்டே இருக்க, எண்ணெயை நிமிஷத்துக்கு 3, 4 மில்லிலீற்றர்ல தொடங்கி, தேர்மோகப்பிள் ஏறுறதைப் பாத்துக் கூட்டுங்கோ. நிண்டு எரியுது எண்டு உறுதியான பிறகு காஸை மெல்லக் குறையுங்கோ, ஒரேயடியாப் பூட்டினா வேப்பரைசர் குளிர்ந்து எல்லாம் நூந்து போகும்.

வள்ளத்துக்கு அடிக்கிற மண்ணெண்ணெயே காணும், ஆனா வள்ளக்காரரிட்ட ரூ ஸ்ரோக் ஒயில் கலந்ததை வாங்காதேங்கோ, குழாய்க்குள்ள கரி பிடிக்கும். கானின்ர அடில நிக்கிற தண்ணியையும் பாத்து வடியுங்கோ, ஒரு சொட்டுத் தண்ணி வேப்பரைசருக்குள்ள போனா நெருப்பு ஒருக்கா இருமி நூரும்.

ஆகப் பயப்பட வேண்டியது வெள்ளைப் புகை. எக்ஸோஸ்டால வெள்ளையா மூடுபனி மாதிரி வந்தா அது எரியாத மண்ணெண்ணெய் ஆவி. அந்த நேரம் ஸ்பார்க்கைப் போடவே கூடாது. எண்ணெயைப் பூட்டு, காஸைப் பூட்டு, ப்ளோவர் மட்டும் ஓடட்டும், புகை முழுக்கப் போய், வடிகால்ல சொட்டு நிண்ட பிறகு இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்துத் திருப்பித் தொடங்குங்கோ.

வரைபடம்

இப்பதான் உண்மையான படிப்பு. ஒரு கட்டக் கொப்பித் தாள்ல கீழ்க்கோடு தண்ணி மட்டம், மேல்கோடு எரிபொருள் ஓட்டம். 5, 10, 20, 30, 40 மி.மீ. எண்டு காத்தை மாத்தி, ஒவ்வொண்டுக்கும் எரிபொருளைக் குறைவில இருந்து கூட்டிப் பத்துதா இல்லையா எண்டு புள்ளி வையுங்கோ. ஒருக்காப் பத்தினதை நம்பாதேங்கோ. காத்தின்ர கலக்கம் ஒவ்வொரு செக்கனும் வேற, அதே இடத்தில ஒருக்காப் பத்தும், அடுத்ததரம் பத்தாது. ஒவ்வொரு புள்ளியிலயும் பத்துத் தரம் செய்து எத்தினை தரம் பத்திச்சு எண்டு எழுதுங்கோ. பத்துக்கு ஒம்பது பத்துற இடத்தைத்தான் எஞ்சினுக்கு எடுக்கலாம், பத்துக்கு அஞ்சு பத்துற இடம் எஞ்சினுக்கு ஆபத்து, பத்தாத அஞ்சு தரமும் எண்ணெய் உள்ள தேங்குது.

பிறகு பத்தின நிலைல இருந்து எரிபொருளைக் குறைச்சுக்கொண்டு போய் எங்க நூருது எண்டும் குறியுங்கோ. நூருற கோடு பத்துற கோட்டுக்குக் கீழ, நல்லாத் தள்ளி நிக்கும். ரெண்டுக்கும் நடுவில இருக்கிற இடத்தில எரியிற நெருப்பு ஒருக்கா நூந்தா அதே இடத்தில திருப்பிப் பத்தாது, காத்தைக் குறைச்சு அல்லது எரிபொருளைக் கூட்டித்தான் பத்தும். ஆகாயத்தில நூந்த எஞ்சினைத் திருப்பிப் பத்த வைக்கிறதும் இதே பிரச்சினைதான், உயரத்தில காத்து ஐதாவும் குளிராவும் இருக்கிறதால பத்துற துண்டு இன்னும் சுருங்கும். 1982 ஆனி 24ல ஜாவாவுக்கு மேல எரிமலைச் சாம்பல்ல நாலு எஞ்சினும் நூந்த பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் ஜம்போவும் கனதூரம் கீழ இறங்கின பிறகுதான் எஞ்சின்கள் திருப்பிப் பிடிச்சது.

எஞ்சினுக்குக் கொண்டுபோகேக்க

ரிக்குல ஒரு குழாய், எஞ்சின்ல வட்டமான கொம்பஸ்டர், கே.ஜே.66ல ஆறு குச்சி, பிளக் ஒண்டே ஒண்டு. அதால மூண்டாவது கட்டம், வட்டம் சுத்திப் பத்துறது, இஞ்சதான் முதல் முதல் வரும். பத்த வைக்க காஸ் குடுக்கிற வளையக் குழாய் எல்லாக் குச்சிக்கும் சமனாக் குடுக்கவேணும், ஒரு ஊசி அடைபட்டிருந்தா அந்த இடத்தில நெருப்பு தாண்டாம நிண்டுபோகும். எக்ஸோஸ்ட்ல எதிரெதிரா ரெண்டு தேர்மோகப்பிள் போட்டா தெரியும், ஒண்டு ஏறி மற்றது ஏறாட்டி பாதி வட்டம்தான் எரியுது, அந்த நிலைல எண்ணெயைத் திறக்காதேங்கோ, பத்தாத பக்கம் குளிர்க் குச்சிக்குள்ளால பச்சை எண்ணெய் கொட்டும்.

காஸ் லைன்ல ஒருவழி வால்வு கட்டாயம். ரிக்குல தேவைப்படேல்ல, ஆனா எஞ்சின் வேகமெடுத்தா உள் அமுக்கம் ரெகுலேற்றரின்ர அமுக்கத்தைத் தாண்டும், சூடான காத்து காஸ் லைனுக்குள்ள திரும்பிப் போகப் பாக்கும்.

ஸ்டார்ட்டர் சுத்துற வேகத்தை உங்கட வரைபடத்தில இருந்துதான் எடுக்கவேணும். கெதியாச் சுத்தினா நல்லாப் பத்தும் எண்டு நினைக்கிறது பிழை, பத்துற வரைக்கும் மெல்லச் சுத்தி, பத்தின பிறகு வேகத்தைக் கூட்டுறதுதான் ஒழுங்கு. சுற்று வேகம் ஏறாம எக்ஸோஸ்ட் சூடு மட்டும் ஏறினா உடன எண்ணெயை வெட்டுங்கோ, ஸ்டார்ட்டரை விடாதேங்கோ, காத்து ஓடிக்கொண்டே இருந்தாத்தான் டர்பைன் தப்பும். பெயாரிங்குக்காக எண்ணெயில டர்பைன் ஒயில் 4, 5 வீதம் கலக்கிறது எஞ்சின்ல மட்டும்தான், ரிக்குக்கு வேண்டாம்.

வரைபடத்தை ஒரு சீசன்ல மட்டும் எடுத்து விடாதேங்கோ. ஆடில கச்சான் சூட்டில எடுத்ததை மார்கழி மழைக் காலமை திருப்பி எடுங்கோ. காத்தும் எண்ணெயும் பத்துப் பாகை குளிர்ந்தாலே, காஸ் இல்லாம நேர மண்ணெண்ணெயில ஸ்டார்ட் பண்ணுறவைக்கு பத்துற கோடு மேல ஏறும், அதே காத்துக்குக் கூட எண்ணெய் கேக்கும். ரெண்டு தாளிலயும் பொதுவாப் பத்துற பகுதி எதுவோ அதைத்தான் ஸ்டார்ட் கொன்ட்ரோலருக்குப் போடுங்கோ.